வெள்ளவத்தையில் தாதியருக்கான இரண்டு நாள் வகுப்பு: முதல் நாளுக்குக் கொடுத்த காசு தகும்

நைட் முடித்துவிட்டு நேரே போய் உட்கார்ந்த வகுப்பு இது, அதனால் என் கோபத்தில் பாதியை நித்திரைக் கணக்கில் கழித்துவிட்டு வாசியுங்கள். காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் மேல்மாடி மண்டபம், சனியும் ஞாயிறும். தாதியருக்கான பரிவான உரையாடலும் மன அழுத்த முகாமையும் என்று தலைப்பு. ஆளுக்கு 6,500 ரூபாய், சாப்பாடும் சான்றிதழும் சேர்த்து. நடத்தியவர்களின் பெயரை நான் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், பிறகு அவர்களையே எங்காவது வார்டில் சந்திக்க வேண்டிவரும், கொழும்பு அவ்வளவு பெரிய ஊர் இல்லை.

ஆசைப்பட்டுப் போகவில்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மெடிக்கல் வார்டில் ஒன்பது வருஷமாக வேலை செய்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் ஒரு நோயாளியின் மகன் "அந்த மிஸ் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை" என்று என்னைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்குப் பன்னிரண்டு கட்டில். ஒருவருக்கு இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது, இன்னொருவர் கையில் போட்ட கெனுலா ஊசிக்குழாயைப் பிடுங்கி எறிந்திருந்தார், இதற்குள் முகத்தை எங்கே கொடுப்பது? ஆனாலும் அந்த வரி குத்திக்கொண்டே இருந்தது, ஏனென்றால் அது பொய்யில்லை.

முதல் நாள் வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு நர்சிங் டியூட்டர் மிஸ், அறுபதைத் தாண்டியவர். சிலைட் இல்லை, மைக் இல்லை. மண்டபத்தின் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு, மடியில் ஒரு சொப்பிங் பேக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேக்குக்குள் ஒரு துவாய், பாதி தின்ற மாரி பிஸ்கட், சுருட்டிய எக்ஸ்ரே. தோளைக் குறுக்கி, சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "டொக்டர் எப்ப வருவார் பிள்ளை?" என்றார், அவ்வளவுதான், எங்கள் வார்டில் நாலாம் கட்டிலில் இருக்கிற அம்மாவே வந்து உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. நாங்கள் ஒவ்வொருவராக எழும்பிப் போய்ப் பதில் சொல்ல வேண்டும். முதலாவது ஆள், "வந்ததும் சொல்றோம் அம்மா." இரண்டாவது ஆள், "இப்ப வந்துருவார், இருங்க." நான் நாலாவது. குனிந்து, கையைத் தொட்டு, நல்ல குரலில் சொன்னேன், ஆனால் சொன்னது என்னவோ அதே "சொல்றோம் அம்மா" தான். ஒன்பது பேர் போய் வந்தோம். அப்புறம் அவர் தன் சொந்தக் குரலுக்குத் திரும்பி, "ஒன்பது தரம் கேட்டுட்டேன், ஏன் கேக்கிறீங்க அம்மா எண்டு ஒருத்தரும் கேக்கல்ல" என்றார். அந்தக் கதையில் வருகிற அம்மாவுக்கு ஒண்ணுக்கு முட்டிக்கொண்டு இருக்கிறது. கட்டிலை விட்டுப் போன நேரம் டொக்டர் வந்து போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு மணிநேரமாக அடக்கிக்கொண்டு இருக்கிறார். அது தெரிந்திருந்தால் பெட்பான் கொடுப்பதா, கையைப் பிடித்துக் கூட்டிப் போவதா என்று முடிவெடுக்க அரை நிமிஷம் போதும்.

மண்டபத்தில் ஒரு சத்தமில்லை. நான் எத்தனை அம்மாமாரை அப்படி உட்கார வைத்திருக்கிறேன் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொல்லிக் கொடுத்த முதல் விதி, "சொல்றோம்" என்று சொல்லாதீர்கள், நேரத்தைச் சொல்லுங்கள். "ரவுண்ட் பத்தரைக்குப் பிறகுதான், அதுக்கு முன்ன வர மாட்டார்" என்று சொன்னால் பத்தரை மட்டும் அந்த அம்மா நிம்மதியாக இருப்பார். நேரம் தெரியாவிட்டால், "எனக்கும் தெரியாது, பதினொரு மணிக்குத் திரும்பி வந்து உங்களைப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, உண்மையிலேயே பதினொன்றுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

பிறகு போர்டில் நாலு வசனம் எழுதினார். பயப்படாதீங்க. ஒன்றுமில்லை. அழாதீங்க. கடவுள் பார்த்துக்கொள்வார். முதல் மூன்றுக்கும் குறுக்கே கோடு, நாலாவதுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. இந்த மூன்றும் நோயாளிக்காகச் சொல்வதில்லை, நமக்கு அந்த இடத்தை விட்டு நகர வேண்டும் என்பதற்காகச் சொல்வது என்றார். "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் ஸ்கானுக்கு அனுப்பினால் அவர் எதை நம்புவார்? நாலாவதில் ஒரு வாக்குவாதமே வந்தது. தெமட்டகொடையிலிருந்து வந்த ஒரு ராத்தா, "எங்கட ஆக்கள்ட்ட அல்லாஹ் லேசாக்குவான் எண்டு சொல்லாட்டி நெஞ்சில ஈரம் இல்லாதவள் எண்டுதான் நினைப்பாங்க மிஸ்" என்று விடாமல் நின்றார். மிஸ் ஒத்துக்கொண்டார், நோயாளி தொடங்கினால் நாமும் சேர்ந்து சொல்லலாம், நாமாகத் தொடங்கிக் கதையை மூடக் கூடாது. ராத்தா அரை மனதோடு உட்கார்ந்தார். எனக்கும் அரை மனதுதான்.

கையில் கொடுத்த தாளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் நர்ஸ் என்ற எழுத்துகளை வைத்தே ஒரு முறை இருக்கிறது: உணர்வுக்குப் பெயர் வைப்பது, விளங்கிக்கொள்வது, மதிப்பது, துணை நிற்பது, மேலும் கேட்டு அறிவது. முறை நல்லதுதான். ஆனால் அதைத் தமிழாக்கியவர் வார்டுப் பக்கம் வராதவர் போலிருக்கிறது. "உங்கள் உணர்வை நான் அங்கீகரிக்கிறேன்" என்று நான் பதுளையிலிருந்து வந்த ஒரு தாத்தாவிடம் சொன்னால், என்னைத்தான் அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். மிஸ் அந்தத் தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, "யாருக்கும் இப்பிடித்தான் இருக்கும்", "இதில எது கூடக் கரைச்சலா இருக்கு?" என்று இரண்டே வரியில் முடித்தார். இதுதான் நம் வாயில் வருகிற பரிவு.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி நோவைப் பற்றியது. யாழ்ப்பாணத்து ஆள் "நோகுது" என்பார், மட்டக்களப்பில் "நோவுது", மலையகத்து ஆள் "வலிக்குது". எங்கள் சிங்கள அக்காமார் "வலிக்குதா" என்ற ஒரு சொல்லைப் பாடமாக்கி வைத்துக்கொண்டு எல்லாரிடமும் கேட்பார்கள், பாவம், அந்த அளவுக்காவது முயற்சி செய்கிறார்கள். "நெஞ்சு எரியுது" என்பது புளிச்ச ஏப்பமாகவும் இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் "ஒரு மாதிரியா இருக்கு"? இதை சிங்களத்தில் எப்படி மாற்றிச் சொல்வது, நோயாளியின் குறிப்பு எழுதும் டிக்கெட்டில் எப்படி எழுதுவது? இந்த வசனத்தைக் கேட்டால் அந்த இடத்திலேயே நில்லுங்கள், வயசாளி சர்க்கரை இறங்கும்போதும் இதைத்தான் சொல்வார், மூச்சு முட்டும்போதும் இதைத்தான் சொல்வார், சாவு பயத்திலும் இதைத்தான் சொல்வார் என்றார் மிஸ். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆனது. இரவு இரண்டு மணிக்கு எங்கள் மாடியில் அந்தத் திருத்தம் நான்தான். மேல் வார்டிலிருந்தும் கூப்பிடுவார்கள், ஐசியூவிலிருந்தும் கூப்பிடுவார்கள், என் பன்னிரண்டு கட்டிலையும் விட்டுவிட்டுப் போய் யாரோ ஒரு டொக்டரின் கெட்ட செய்தியை நான் தமிழில் சொல்லிவிட்டு வர வேண்டும். இதை ஒரு வேலையாக யாரும் எழுதுவதில்லை. மண்டபத்தில் இருந்த தமிழ் பேசுகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கியதில் பிளேன்டீ ஆறிப்போனது.

கெட்ட செய்தி சொல்வதற்கு 2000இல் வெளியான ஆறு படி முறை ஒன்றையும் சொல்லித் தந்தார். அதில் ஒரு படி, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று நோயாளியிடமே கேட்பது. இங்கே மகன் வாசலிலேயே மறித்து "அம்மாட்ட சொல்லிராதீங்க மிஸ்" என்பாரே என்று கேட்டோம். "விவரம் எல்லாம் உங்களுக்குத் தெரிய வேணுமா, இல்ல மகன்ட்ட கதைச்சா போதுமா?" என்று அம்மாவிடமே கேட்டுவிடுங்கள், இரண்டு பதிலும் அவருடைய உரிமைதான் என்றார். இந்த ஒரு கேள்விக்காகவே 6,500 ரூபாயில் பாதியைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இங்கிலாந்தில் கேட் கிரேஞ்சர் என்ற டொக்டர் தானே புற்றுநோயாளியாகக் கட்டிலில் கிடந்தபோது, வருகிறவர்களில் பலர் தங்கள் பெயரைச் சொல்வதில்லை என்று கவனித்து, 2013இல் "வணக்கம், என் பெயர் இன்னது" என்று சொல்லும் இயக்கம் ஒன்றைத் தொடங்கினாராம், 2016இல் இறந்துவிட்டார். நமக்கு எல்லாரும் "மிஸ்" தானே. நான் அடுத்த நைட்டிலேயே ஒரு அங்கிளிடம் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். விடியும் வரை என் பெயரை வார்டே கேட்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், தண்ணிக்கு ஒரு தரம், போர்வைக்கு ஒரு தரம், சும்மா ஒரு தரம். ஆனால் கெனுலாவைப் பிடுங்கவில்லை.

இரண்டாம் நாள் வேறு ஆள். டை கட்டிய ஒரு தம்பி, லெப்டொப், எண்பது சிலைட். தரையில் பாயைப் போட்டுப் படுக்கச் சொல்லிப் புல்லாங்குழல் போட்டார். என்னோடு நைட் முடித்து வந்த தங்கச்சி ஐந்தாவது நிமிஷத்தில் குறட்டை விட்டுத் தூங்கிப்போனாள், அந்த மண்டபத்தில் அழுத்தம் குறைந்த ஒரே ஆள் அவள்தான். பிறகு எரிந்துபோதல் (பர்ன்அவுட்) ஒரு நோய் என்று ஒரு சிலைட். நான் கையை உயர்த்தினேன். உலக சுகாதார நிறுவனம் அதைத் தன் பட்டியலில் நோயாகப் போடவே இல்லை. சரியாகச் சமாளிக்கப்படாத நீண்டகால வேலைத்தள அழுத்தத்தால் வருகிற, தொழிலோடு சேர்ந்த ஒரு நிலை என்றுதான் எழுதியிருக்கிறது: களைத்துப்போவது, வேலையில் மனம் விட்டுப்போவது, செய்வது எதுவும் உருப்படியில்லை என்று தோன்றுவது. இந்த வித்தியாசம் சின்னதில்லை. நோய் என்றால் மருந்து எனக்கு, வேலைத்தளம் என்றால் கேள்வி ரோஸ்டர் போடுகிறவருக்கு. "நைட்டில முப்பது கட்டிலுக்கு ரெண்டு பேர், இதுக்கு என்ன மூச்சுப் பயிற்சி தம்பி?" என்று பின்வரிசை அக்கா கேட்டார். "மனநிலையை மாத்திப் பாருங்க அக்கா" என்றார். அக்கா பேக்கை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார், பதினொரு மணிக்கே. என் பேட்சில் படித்தவர்களில் பாதிப்பேர் 2022க்குப் பிறகு இங்கிலாந்துக்கும் குவைத்துக்கும் போய்விட்டார்கள், அவர்கள் விட்டுப்போன கட்டில்களை மீதிப்பேர்தான் பார்க்கிறோம், இதைப் பற்றி எண்பது சிலைட்டில் ஒரு வரி இல்லை.

நியாயமாகச் சொன்னால் அந்தத் தம்பியிடமிருந்தும் ஒன்றை எடுத்துக்கொண்டேன். நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுவது, வெளிமூச்சு நீண்டால் இதயத் துடிப்பு இறங்கும். இதற்குத் தனியாக எங்கே நேரம்? சோப் போட்டுக் கை கழுவ எப்படியும் 40 விநாடி நிற்க வேண்டும், அதற்குள் நாலு மூச்சு சரியாக அடங்குகிறது. இப்போது ஒவ்வொரு கட்டிலுக்கும் இடையில் சிங்க் முன்னால் அதைச் செய்கிறேன், யாருக்கும் தெரியாது. மனசு மோசமாக இருந்தால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம் என்ற தகவலையும் அவர் கடைசி சிலைட்டில் போட்டார், அதை முதல் சிலைட்டில் போட்டிருக்கலாம்.

பின்னேரம் டியூட்டர் மிஸ் ஒரு மணிநேரம் திரும்பி வந்ததால்தான் ஞாயிற்றுக்கிழமை தப்பியது. அவர் சொல்லித் தந்தது இது: ஒருவர் இறந்தால் குழாய்களைக் கழற்றுவதற்கு முன் கட்டிலைச் சுற்றி நிற்கிறவர்கள் ஒரு நிமிஷம் பேசாமல் நிற்பது. அமெரிக்காவில் வர்ஜீனியாவில் ஒரு தாதி தொடங்கிவைத்த பழக்கமாம். எங்கள் வார்டில் போன வாரம் செய்தோம். சிங்கள அக்கா, அட்டெண்டன்ட் ஐயா, நான். வெளியில் பிரேதத்தை எடுக்கும் மலர்ச்சாலைக்காரரின் போன் அடித்துக்கொண்டிருந்தது, கட்டில் எப்போது காலியாகும் என்று அட்மிஷனிலிருந்து இரண்டு தரம் கேட்டாகிவிட்டது. ஐயா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு இறந்தவரின் முகத்தை ஐயா துடைத்துவிட்ட விதம் வழக்கத்தை விட மெதுவாக இருந்தது, அல்லது எனக்கு அப்படிப் பட்டது.

மற்றதெல்லாம்: சோத்துப் பார்சல் நன்றாக இருந்தது, கத்தரிக்காய் மோஜு அருமை. ஏசி முதல் நாள் குளிர், இரண்டாம் நாள் இல்லவே இல்லை. 100ஆம் இலக்க பஸ்ஸில் வந்து காலி வீதியில் இறங்கி நடந்தால் போதும், ஓட்டோவுக்குக் காசு கொடுக்காதீர்கள். சான்றிதழில் என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை.

போகிறவர்கள் சனிக்கிழமை கட்டாயம் போங்கள், ஞாயிறு வீட்டில் படுத்துத் தூங்குங்கள். முதல் நாளுக்கு மட்டும் பாதிக் காசு கட்டிச் சேரலாமா என்று வாசலில் பதிவெடுத்த பிள்ளையிடம் கேட்டேன். என் கூட வேலை செய்கிற மூன்று பேரை அனுப்ப யோசனை. "ஆபீஸ்ல கேட்டுட்டு சொல்றோம் மிஸ்" என்றாள். மூன்று வாரம் ஆகிறது.