தறி ரூமில் சிப்பிக் காளான்: மூன்று வருட அனுபவம்

2022 ஆகஸ்டில் முதல் காளான் படுக்கையை, அதாவது வைக்கோலும் காளான் வித்தும் அடைத்த பையை, கட்டித் தொங்கவிட்டேன். வீட்டுக்குள்ளேயே, சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த சாமான் ரூமில். இப்போது வீட்டுக்குள் ஒரு படுக்கைகூட இல்லை. வெளியே, மாமாவின் நாலு தறி ஓடிய ஓட்டு ரூமில்தான் எல்லாம் தொங்குகிறது. இடையில் என்னவெல்லாம் கெட்டது, எது கைகொடுத்தது என்று எழுதுகிறேன். வீட்டுக்குள் காளான் போடலாமா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள், அவர்களுக்கும் இது உதவும்.

எங்களுக்குச் சோமனூர் பக்கம். கூலிக்குத் தறி ஓட்டிய குடும்பம். கூலி கட்டுப்படியாகாமல் தறிகளை இரும்பு விலைக்குப் போட்டபிறகு அந்த ரூம் பூட்டியே கிடந்தது. நான் ஒரு மில்லில் கணக்கு பார்க்கிறேன். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் ஒருநாள் காளான் பயிற்சிக்குப் போய்வந்தேன், மூன்று வித்துப் பை (தானியத்தில் வளர்த்த காளான் விதை) வாங்கி வந்தேன், அவ்வளவுதான் தொடக்கம்.

செய்முறை எளிது. வைக்கோலை இரண்டு அங்குல நீளத்துக்கு வெட்டி (எங்களுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் மாட்டுக்குத் தட்டு வெட்டும் மெஷின் இருக்கிறது), நாலைந்து மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, பாதியாக வெட்டிய டிரம்மில் முக்கால் மணி நேரம் வேகவைக்க வேண்டும். அடுப்புக்குத் தென்னை மட்டை போதும். வெந்த வைக்கோலைச் சுத்தமான விரிப்பில் ஆறவிட்டு, ஈரம் பதத்துக்கு வந்ததும் 12க்கு 24 அங்குல பிளாஸ்டிக் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஓரத்தில் சுற்றிலும் கொஞ்சம் வித்து, மறுபடி வைக்கோல் என்று நாலைந்து அடுக்கு அடைத்துக் கட்டவேண்டும். பையின் நடுவில் காற்றுக்கு இரண்டு சின்ன ஓட்டை. ஒரு வித்துப் பை இரண்டு படுக்கைக்கு வரும். அதை இருட்டில் உறி கட்டித் தொங்கவிட்டால் பதினைந்து இருபது நாளில் பை முழுக்க வெள்ளையாகப் பூசணம் படர்ந்துவிடும், அதுதான் காளானின் வேர் மாதிரி. அப்புறம் பையைக் கிழித்துவிட்டு, ஈரமும் வெளிச்சமும் காற்றும் கொடுத்தால் மூன்று நாலு நாளில் மொட்டு வரும், இன்னும் மூன்று நாளில் பறிக்கலாம்.

இதில் "பதம்" என்று நான் ஒரே வார்த்தையில் தாண்டிப் போனதுதான் என் முதல் தொகுதியைக் கெடுத்தது. கையில் ஒரு பிடி வைக்கோலை எடுத்து நன்றாக இறுக்கிப் பிழியவேண்டும். தண்ணீர் சொட்டக்கூடாது, ஆனால் கையை விரித்தால் உள்ளங்கை ஈரமாகத் தெரியவேண்டும். நான் சொட்டச் சொட்ட அடைத்தேன். ஆறு படுக்கையில் மூன்றின் அடியில் மஞ்சள் தண்ணீர் தேங்கிப் புளித்த நாற்றம் அடித்தது. மீதி மூன்றில் பூசணம் அழகாகப் படர்ந்தது. பையைக் கிழித்த நாலாம் நாள் காலையில் டார்ச் அடித்துப் பார்த்தபோது குண்டூசித் தலை அளவில் கொத்துக் கொத்தாக மொட்டு. மறுநாள் உளுந்து அளவு. அதற்கடுத்த நாள் காம்பு நீண்டு, தலையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு மட்டும் குடை. அதோடு நின்றுவிட்டது. சிப்பி மாதிரி விரியவே இல்லை.

காற்று பற்றாமல் அப்படி ஆகிறது என்று பிறகுதான் புரிந்தது. காளானும் நம்மைப் போலக் கரியமில வாயுவை வெளியே விடுகிறது. சன்னலைச் சாத்திய சின்ன ரூமில் அது தேங்கினால் காம்புதான் நீளும், குடை விரியாது. ஈரம் போய்விடும் என்று பயந்து நானே சன்னலைச் சாத்தி வைத்திருந்தேன்.

சன்னலைத் திறந்து, சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று மாட்டியதும் குடை நன்றாக விரிந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. பள்ளிக்கூடம் போகும் என் மகளுக்கு இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, இரவில் மட்டும் வறட்டு இருமல், இரண்டு வாரமாக. டாக்டர் "வீட்டில் புதுசா என்ன வந்திருக்கு?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்து சாமான் ரூமில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் குண்டானை எடுத்துப் பார்த்தேன். அரிசி மாவு தூவின மாதிரி மேலெல்லாம் மெல்லிய வெள்ளைத் தூள். விரலால் கோடு போட்டால் கோடு தெரிந்தது. அது அத்தனையும் காளானின் வித்துத்தூள். சிப்பிக் காளான் முற்ற முற்ற இந்தத் தூளைக் கொட்டிக்கொண்டே இருக்கும். நாள் கணக்கில் சுவாசித்தால் பெரியவர்களுக்கே நெஞ்சு கெட்டுப்போகும்.

அதனால் அழுத்தமாகச் சொல்கிறேன்: படுக்கிற ரூமிலோ அதை ஒட்டிய ரூமிலோ சிப்பிக் காளான் போடாதீர்கள். குழந்தைகள், இளைப்பு உள்ளவர்கள் இருக்கும் வீடு என்றால் வீட்டுக் கூரைக்குக் கீழேயே வேண்டாம். தனி ரூமாக இருந்தாலும் குடையின் ஓரம் உள்பக்கம் வளைந்திருக்கும்போதே பறித்துவிட வேண்டும். ஓரம் மேல்நோக்கித் திரும்பிவிட்டால் தூள் கொட்டத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உள்ளே போனால் மூக்கையும் வாயையும் இறுக மூடும் முகக்கவசம் போடாமல் நான் போவதில்லை. மகளின் இருமல், படுக்கைகளை வெளியேற்றி வீட்டைத் துடைத்தபின் ஒரு வாரத்தில் நின்றது.

தறி ரூமைத் திறந்துவிடச் சொல்லி மாமாவிடம் கேட்கத்தான் எனக்குத் தயக்கம். தறி போனபிறகு அவர் அந்தப் பக்கமே போகாமல் இருந்தார். கேட்டதும் சாவியைக் கொடுத்துவிட்டார், கூடவே வந்தும் நின்றார். அந்த ரூமைப் பற்றி அவருக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. காற்று வறண்டால் பாவு நூல் அறும். அதனால் கோடையில் தறி ரூமை ஈரமாக வைத்திருப்பது அவர்களுக்குப் பழகிய வேலை. நான் படுக்கையின் மேல் நேராகத் தண்ணீர் பீச்சுவதைப் பார்த்துவிட்டு, "அம்மிணி, நூல் மேலயா தண்ணி ஊத்துவோம்? தரையில விடு, சன்னல்ல சாக்கு கட்டு. காத்து ஈரமானா அது தானா எடுத்துக்கும்" என்றார். "சரிங்க மாமா" என்று செய்து பார்த்தேன். தரையில் நாலு அங்குலத்துக்கு ஆற்றுமணல் பரப்பி, காலையும் மாலையும் அதை நனைத்து, சுவரோரம் ஈரச் சாக்கு தொங்கவிட்டோம். மொட்டுகளின் மேல் தண்ணீர் நின்று மஞ்சளாகி அழுகுவது அதோடு குறைந்தது.

மேற்குச் சன்னல் விஷயமும் அவர் சொன்னதுதான். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேகாத்து (மேற்குக் காற்று) எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்தக் காற்று குளுகுளுவென்றுதான் இருக்கும், ஆனால் படுக்கை மேலிருக்கும் ஈரத்தை அரை நாளில் இழுத்துவிடும். மொட்டெல்லாம் பழுப்பாகக் காய்ந்து உதிரும். மேற்கே சாக்கு கட்டி மூடிவிட்டு, கிழக்குச் சன்னலையும் ஓட்டுக்குக் கீழே உள்ள இடைவெளியையும் திறந்து வைத்தால் சரியாக இருக்கிறது.

வாங்கிய பொருட்களில் ஈரப்பத மீட்டர் காசுக்குத் தகுந்த பொருள். ஆனால் படுக்கை தொங்கும் உயரத்தில், நடுவில் மாட்டுங்கள். நான் கதவோரம் மாட்டிவிட்டு மாதக்கணக்கில் தப்பான எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரப்பதம் 80 முதல் 85 சதவீதம், வெப்பம் 25 டிகிரியை ஒட்டி இருந்தால் சிப்பிக்கு நல்லது. தண்ணீரைப் பனி மாதிரி தெளிக்கும் ஃபாகர் வாங்கியது வீண். எங்கள் போர் தண்ணீர் உப்பு, ஒரே மாதத்தில் நாசில் முழுக்க வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொண்டது. கைத்தெளிப்பானும் மணலும் போதும், அதற்கும் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர்தான். சன்னலுக்கு நைலான் வலை கட்டாயம். சின்னக் கறுப்பு ஈ உள்ளே புகுந்து முட்டையிட்டால் படுக்கையைப் புழு தின்றுவிடும்.

பெரிய நஷ்டம் 2023 ஐப்பசியில் வந்தது. விலை குறைவு என்று மழையில் நனைந்து காய்ந்த வைக்கோலை வாங்கினேன். முகர்ந்து பார்த்தபோதே மக்கிய வாடை இருந்தது, வேகவைத்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். 40 படுக்கையில் 22 பச்சையாகிவிட்டது. பாசி பூத்த மாதிரி கரும்பச்சைத் திட்டு, அதுதான் படுக்கையைக் கெடுக்கும் பச்சைப் பூசணம். அதில் ஒரு படுக்கையை ரூமுக்குள்ளேயே பிரித்தேன். பச்சைத் தூள் காற்றில் பறந்து நன்றாக இருந்ததிலும் ஒட்டியது. இப்போது ஒரு திட்டு தெரிந்தாலும் அந்தப் படுக்கையைப் பிரிக்காமல் அப்படியே பெரிய பையில் போட்டு, தோட்டத்துக் கடைசியில் குழி வெட்டிப் புதைத்துவிடுகிறோம். அந்தத் தடவை ரூமைக் காலி செய்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, சுண்ணாம்பு அடித்துப் பத்து நாள் ஆறப்போட்டோம்.

அன்றிலிருந்து வைக்கோல் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவரிடம்தான். தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனத்து நெல், அறுத்ததும் நன்றாகக் காயவைத்துப் போர் போட்டது. பொன் நிறத்தில், மடக்கினால் பட்டென்று ஒடியும். பஞ்சுக் கழிவு எங்கள் பக்கம் சுலபமாகக் கிடைக்கிறதே என்று கலந்து பார்த்தேன். கால் பங்கு வரை பரவாயில்லை, அதற்கு மேல் போனால் கட்டிதட்டி உள்ளே காற்றுப் போகாமல் புளிக்கிறது.

வித்தும் அப்படித்தான். ஒருவர் கொடுத்த பைகளில் அடியில் மஞ்சள் நீர் கோத்திருந்தது, பழைய வித்து. இருபது நாள் ஆகியும் பாதிப் படுக்கைதான் படர்ந்தது. தானியம் ஒவ்வொன்றிலும் பஞ்சு போல வெள்ளை மூடியிருக்கவேண்டும், பையைத் திறந்தால் புதுக் காளான் வாசம் வரவேண்டும். தேதி போடாத பையை வாங்காதீர்கள்.

பங்குனி, சித்திரையில் எங்கள் பக்கம் சிப்பியோடு மல்லுக்கட்டுவதை நான் விட்டுவிட்டேன். அந்த மாதங்களில் பால் காளான். அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1998இல் வந்த ஏ.பி.கே. 2 ரகம், 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் நன்றாக வரும். படுக்கையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஆவியில் வேகவைத்த மண்ணைச் சுண்ணாம்புத்தூள் கலந்து மேலே ஒரு அங்குலத்துக்குள் போடவேண்டும், அந்த வேலை கூடுதல். ஆனால் பறித்து மூன்று நாள் ஆனாலும் கெடாது. சிப்பி மறுநாளே சோர்ந்துவிடும். மொட்டுக் காளான் (பட்டன் காளான்) போடலாமே என்பவர்களுக்கு: அதற்கு 14 முதல் 18 டிகிரி குளிர் வேண்டும். ஊட்டிக்குச் சரி, இங்கே ஏசி இல்லாமல் முடியாது.

வரவு செலவு. அரைக் கிலோ காய்ந்த வைக்கோல் போட்ட படுக்கையில் மூன்று பறிப்பும் சேர்த்து எனக்குச் சராசரியாக 450 கிராம் வருகிறது. நன்றாக வந்தது 700 கிராம். மாதம் 40 படுக்கை, 18 கிலோ, கிலோ 200 ரூபாய். வித்து, வைக்கோல், பை எல்லாம் போகக் கையில் நிற்பது 1,500இலிருந்து 2,000. இதை நம்பி வேலையை விட முடியாது. கடையில் போட்டால் மீந்ததைத் திருப்பிவிடுகிறார்கள், அதனால் தெரிந்த வீடுகளுக்கு மட்டும் கொடுக்கிறேன். முதல்நாள் இரவு வாட்ஸ்அப்பில் கேட்டு, காலை ஆறு மணிக்குப் பறித்து, எட்டு மணிக்குள் கொடுத்துவிடுவோம்.

ரோட்டுக்கடைக் காளானின் ருசியை எதிர்பார்த்து வாங்குபவர்களுக்கு முதலில் ஏமாற்றம்தான். அத்தை செய்யும் முறையை எழுதிக் கொடுத்தபிறகு திரும்ப வருகிறார்கள். பள்ளிபாளையம் சிக்கன் மாதிரியேதான்: நல்லெண்ணெயில் விதை எடுத்த வரமிளகாய், நிறையச் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், மஞ்சள்தூள். காளானைத் தண்ணீரில் ஊறவிடாமல் ஒரே அலசில் கழுவி, கையால் கிழித்துப் போட்டு, அதில் ஊறும் தண்ணீர் சுண்டும்வரை வதக்கினால் போதும்.

மூன்று பறிப்பு முடிந்த படுக்கை முருங்கைக்கும் வாழைக்கும் போகிறது. வாழைக்கடியில் மண்ணைக் கிளறினால் இப்போது மண்புழு புரள்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கார்த்திகையில், பத்துப் படுக்கையோடு தொடங்கலாம். அப்போது வெயிலும் இல்லை, மேகாத்தும் இல்லை. வைக்கோலை மட்டும் ஐப்பசி மழைக்கு முன்னால் வாங்கி, தரையில் படாமல் பரண் மேல் ஏற்றிவிடுங்கள்.