மொரிஸ் மைனருக்குப் போட்ட வெண்கலப் புஷ்: சில வருட ஓட்டத்துக்குப் பிறகு

என்னிடம் இருப்பது 1098 சிசி எஞ்சின் உள்ள மொரிஸ் மைனர். யாழ்ப்பாணத்தில் மாமாவிடம் வாங்கியது. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் தட்டுப்பாடாக இருந்தபோது, காபரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் ஊற்றி ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய கார். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் றிங்கைத் தாண்டி, எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் சம்ப்புக்குள் இறங்கி ஒயிலை நீர்க்க வைக்கும். அதில் தேய்வது சிலிண்டர் மட்டுமில்லை, பிஸ்டனைக் கொன்றொட்டோடு கோர்க்கும் பின் ஆடும் புஷ் என்ற சின்ன வெண்கலக் குழாயும்தான். கொன்றொட் என்பது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு. ஐடிலில் மெல்லிய, கூர்மையான இரட்டைத் தட்டல் கேட்டால் முதலில் அங்கே பாருங்கள்.

948 சிசி எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையே இல்லை. அதில் பின்னைக் கொன்றொட்டோடு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். 1962இல் வந்த 1098இல்தான் பின் சுதந்திரமாகச் சுழலும், இரு பக்கமும் அது நழுவாமல் பிடிக்கும் சேர்க்ளிப் வளையம் இருக்கும், கொன்றொட்டில் புஷ் இருக்கும்.

புஷ்ஷைக் கிளிநொச்சியில் ஒரு லேத்தில் கடைந்து எடுத்தேன். பொஸ்பர் பிரோன்ஸ் (பொஸ்பரஸ் சேர்த்த வெண்கலம்) என்று அழுத்திச் சொல்லுங்கள். பித்தளையும் கடைந்தவுடன் அதே மாதிரித்தான் மினுங்கும், ஆனால் இந்த இடத்தில் நின்று பிடிக்காது. வெளி அளவு கொன்றொட் துளையை விட ஒன்றரை முதல் இரண்டு தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) கூட இருக்கட்டும். உள் அளவைப் பின்னை விட ஐந்தாறு தௌ குறைத்தே விடச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்ற பழைய மெக்கானிக் அண்ணை சொன்னதை நான் இன்றைக்கும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்: "வாங்கேக்க அளந்து பிரயோசனம் இல்லைத் தம்பி, அடிச்சாப் பிறகு அளந்து பார்." புஷ் உள்ளே போனதும் அதன் துளை சுருங்கும். எவ்வளவு என்பது துளைக்குத் துளை மாறும்.

அடிப்பது என்றாலும் சுத்தியல் வேண்டாம். வைசில் வைத்து, பழைய புஷ் வெளியே வர மறுபக்கம் பெரிய சொக்கெட் ஒன்றைக் கொடுத்து மெல்ல அழுத்தினால் போதும். புது புஷ்ஷின் நுழையும் விளிம்பைக் கொஞ்சம் சரித்துவிடுங்கள். புஷ்ஷிலும் கொன்றொட்டிலும் உள்ள ஒயில் துளை இரண்டும் நேராக நிற்க வேண்டும். அழுத்திய பிறகு துளையின் உள் விளிம்பில் பிசிறு இருந்தால் சுரண்டிவிடுங்கள்.

அளவெடுப்பதுதான் உயிரான இடம். துளையைச் சீவிப் பெரிதாக்கும் அட்ஜஸ்டபிள் றீமரை ஒரே மூச்சில் விரிக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் ஒரு துளி விரித்து, றீமரை நேராகப் பிடிக்கும் வழிகாட்டி புஷ்ஷோடு, ஒரே திசையில் சுற்ற வேண்டும். பின்னோக்கிச் சுற்றினால் கோடு விழும். துளை சரிந்து போனால் பிஸ்டன் சாய்ந்து சிலிண்டரை ஒரு பக்கம் தின்னும். கடைசி அரைத் தௌவை றீமரால் எடுக்காமல், உரைகல் வைத்துத் தேய்க்கும் ஹோனால் எடுங்கள். வெட்டிய சூட்டில் துளை பெரிதாகக் காட்டும். வன்னி வெயிலில் இரும்பும் கொதிக்கும். நிழலில் வைத்து ஆறவிட்டுத்தான் பின்னைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒயில் தடவிய பின் பெருவிரல் அழுத்தத்தில் வழுக்கிப் போக வேண்டும், தானாக விழக் கூடாது, சுத்தியலும் கேட்கக் கூடாது. அது ஏறக்குறைய 0.3 தௌ இடைவெளி, மில்லிமீட்டரில் 0.0075. இடைவெளி அளக்கும் தகடான சாதாரண பீலர் கேஜ் அதைப் பிடிக்காது, விரல் பிடிக்கும். புது புஷ்ஷுக்குப் புதுப் பின்னே போடுங்கள். தேய்ந்த பின்னுக்கு அளவெடுத்தால் வேலை முழுக்க வீண்.

வால்வுகளை இயக்கும் காம் சாவ்ட்டின் புஷ்களை நான் தொடவில்லை. மூன்றையும் ஒரே நேர்கோட்டில் றீம் பண்ண வேண்டும். அது மெஷின் சொப் வேலை.

அதுக்குப் பிறகு கார் மாங்குளம்–முல்லைத்தீவு வீதியிலும் பரந்தன் பக்கமும் சும்மா நிற்காமல் ஓடுகிறது. ஊற்றுவது 20டபிள்யூ-50 மினரல் ஒயில். அண்மையில் வேறு வேலைக்காக ஹெட்டையும் சம்ப்பையும் கழற்றியபோது, ஒரு பிஸ்டனைக் கொன்றொட்டோடு வெளியே எடுத்து ஆட்டிப் பார்த்தேன். பின் பக்கவாட்டில் வழுக்கியது, மேல் கீழாகத் துளியும் ஆடவில்லை. புஷ்ஷின் உள்ளே றீமர் கோடு மறைந்து, மங்கலான பளபளப்பு சமமாகப் படிந்திருந்தது. சேர்க்ளிப்பை மட்டும் புதிதாக மாற்றி, அதே புஷ்ஷோடு திரும்பப் பூட்டினேன்.