ஹேவ்லாக்கா, நீலா? அந்தமானில் எங்கே எத்தனை இரவு

அந்தமானுக்கு நான்கைந்து நாள் விடுமுறையில் போகிறவர்களுக்கு முதலில் வரும் குழப்பம், ஹேவ்லாக், நீல் என்ற இரு தீவுகளில் எங்கே எத்தனை இரவு தங்குவது என்பதுதான். 2018 இறுதியில் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவாகவும் நீல் ஷஹீத் தீவாகவும் பெயர் மாறின. ஆனாலும் படகுத்துறையில் இன்றும் பழைய பெயர்கள்தான் புழங்குகின்றன.

குளிப்பதற்கென்றே போகிறீர்களா? அப்படியென்றால் ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்கு ஈடு நீலில் இல்லை. ராதாநகரில் அடியில் பவளப்பாறை கிடையாது, முழுக்க மணல். அதனால் கடல் வற்றியிருந்தாலும் ஏறியிருந்தாலும் இறங்கிக் குளிக்கலாம். ஆனால் அலையை உடைக்கப் பாறை இல்லாததோடு கரை மேற்கு பார்த்தும் இருப்பதால், ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து மோதும். அந்த மாதங்களில் கடலில் இறங்க வேண்டாம் என்று உயிர்காப்பாளர் சொன்னால் வாதாடாதீர்கள். கரையின் வடக்கு ஓரத்தில் உள்ள நீல்ஸ் கோவ் என்ற சிறு வளைகுடா பக்கம் 2010இல் ஒரு சுற்றுலாப் பயணியை முதலை கொன்றது. எச்சரிக்கைப் பலகையைத் தாண்டிப் போக வேண்டாம்.

நீலின் பரத்பூர் கடற்கரை இதற்கு நேர் எதிர். ஜெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஆழம் குறைவு, சிறு குழந்தைகளுக்கு ஏற்ற கடல். ஆனால் கடல் வற்றும்போது தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, செத்த பவளத் துண்டுகள் தலைகாட்டும். வெறுங்காலோடு நடந்தால் பாதம் கிழியும். ஹேவ்லாக்கின் விஜயநகரிலும் இதே கதைதான். ஆகவே அறை பதிவு செய்யும் முன் ஏற்றவற்ற அட்டவணையைப் பாருங்கள். ஒரு நாளில் இரண்டு முறை கடல் வற்றும், அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நீலின் இயற்கைப் பாறைப் பாலத்துக்குக் கடல் வற்றியிருக்கும்போது மட்டுமே போக முடியும், அதுவும் வழுக்கும் பாறைகள் மேல் நடந்து. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக வற்றும். பாறைக் குழிகளில் தங்கும் உயிர்களைப் பார்க்க அதுவே நல்ல சமயம்.

ஸ்நார்க்கலிங்கிற்கு (மூச்சுக்குழாயும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு நீருக்கடியில் பார்ப்பதற்கு) ஹேவ்லாக்கின் எலிஃபன்ட் பீச். ஜெட்டியிலிருந்து படகிலோ, ராதாநகர் சாலையிலிருந்து காட்டுப் பாதையில் நடந்தோ போகலாம். மழைக்குப் பின் அந்தப் பாதை சேறாகி வழுக்கும். காலை முதல் படகிலேயே போய்விடுங்கள். கூட்டம் சேர்ந்து மணலைக் கலக்கிவிட்டால் கண்ணாடிக்குள் மங்கல்தான் தெரியும்.

பலர் தவறவிடுவது வெளிச்சத்தை. இந்திய நேரத்தின் தீர்க்கரேகைக்கு 10 பாகைக்கு மேல் கிழக்கே அந்தமான் இருப்பதால், சூரியன் 40 நிமிடம் முந்திக்கொள்கிறது. டிசம்பரில் 5 மணிக்கே அஸ்தமனம். மதிய உணவை இழுத்துவிட்டு 4.30க்குக் கிளம்பினால், ஜெட்டியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளியுள்ள ராதாநகருக்கு இருட்டும்போதுதான் போய்ச் சேர்வீர்கள். 3 மணிக்கே கிளம்புங்கள். ஹேவ்லாக்கின் காலாபத்தர் கடற்கரையில் சூரியோதயம் பார்க்கலாம், பாறைகள் அதிகம் என்பதால் குளிக்க உகந்ததல்ல. அது தீவின் இன்னொரு முனை. அங்கிருந்து ராதாநகர் போக வேண்டுமென்றால் கடைத்தெரு வரை திரும்பி வர வேண்டும். நீல் சிறியது, பெரும்பாலும் சமதளம். லக்ஷ்மண்பூரில் அஸ்தமனத்தையும் சீதாபூரில் உதயத்தையும் வாடகைச் சைக்கிளிலேயே பார்த்துவிடலாம். முதியவர்கள் உடன் வந்தால் இந்தக் குறைந்த அலைச்சல் பெரிய ஆறுதல்.

நான்கு இரவு இருந்தால் ஹேவ்லாக்கில் இரண்டு, நீலில் ஒன்று, கடைசி இரவு போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்). போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், மீண்டும் போர்ட் பிளேர் என்று சுற்றாகப் படகுச் சீட்டு எடுத்தால் ஒரே வழியில் திரும்ப வேண்டியதில்லை. கடல் கொந்தளித்தால் படகு நின்றுவிடும் என்பதால், விமானம் ஏறும் நாளன்று காலையில் தீவிலிருந்து கிளம்புவதுபோல் திட்டமிடாதீர்கள். மூன்றே இரவுதான் என்றால் நீலில் தங்குவதை விட்டுவிடலாம். ஆனால் குழந்தைகளோடு போகிறவர்கள் ஹேவ்லாக்கில் ஓர் இரவைக் குறைத்து நீலுக்குக் கொடுப்பதே நல்லது.