வரையப் பழக மூன்று பென்சில் போதும்

வரையத் தொடங்குபவர்கள் முதலில் ஆசைப்படுவது 6எச் முதல் 8பி வரை பென்சில்கள் அடுக்கியிருக்கும் தகரப் பெட்டிக்குத்தான். சில வருடங்களாக என்னிடமும் ஒன்று இருக்கிறது. அதில் கட்டையாகத் தேய்ந்தவை எச்பி, 2பி, 6பி மூன்றும்தான். 4எச், 6எச் எல்லாம் வாங்கிய நீளத்திலேயே கிடக்கின்றன.

பென்சில் முனை என்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது. 1795-இல் பிரான்சில் கோன்ட்டே கொண்டுவந்த முறை. களிமண் கூடினால் கெட்டியாக, வெளிறிக் கோடு விழும் எச் பக்கம், கிராஃபைட் கூடினால் மென்மையாக, கறுப்பாக விழும் பி பக்கம். எச் வகையில் கொஞ்சம் அழுத்தினாலே தாளில் பள்ளம் விழுகிறது. அப்புறம் அதன் மேல் 6பி தேய்த்தால் அந்தக் கோடு மட்டும் வெள்ளையாகப் பல்லிளிக்கும். கட்டிட வரைபடம் போடுபவர்களுக்கு எச் வேண்டும், முகம் வரையப் பழகுபவர்களுக்கு அவசரமில்லை. ஒரு கம்பெனியின் 2பி இன்னொன்றின் 2பி போல இருக்காது என்பதால் மூன்றையும் ஒரே கம்பெனியில், உதிரியாக வாங்குங்கள்.

6பி-க்கும் ஒரு குறை உண்டு. எவ்வளவு அழுத்தினாலும் முழுக் கறுப்பு வராது. விளக்கில் சாய்த்துப் பார்த்தால் பளபளக்கும். அடர்ந்த இருட்டு வேண்டுமென்றால் கரிப் பென்சில்தான்.

மிச்சமாகும் காசைத் தாளில் போடலாம். ஜெராக்ஸ் தாள் 75, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்); வேகமாகக் கிறுக்கிப் பழக நல்லது. ஆனால் ஒரே இடத்தை இரண்டு மூன்று முறை அழித்தால் நார் கிளம்பிவிடும், அதன் மேல் ஷேடிங் திட்டுத்திட்டாக நிற்கும். 120 முதல் 160 ஜிஎஸ்எம்மில், விரலால் தடவினால் லேசாகச் சொரசொரக்கும் ஸ்கெட்ச் புக் எனக்கு ஒத்துவந்தது. வழவழப்பான தாளில் பென்சில் வழுக்கிக்கொண்டு போகும், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கு ஏறாது. படம் பல வருடம் இருக்க வேண்டுமென்றால் அமிலமற்ற தாள் என்று அட்டையில் போட்டிருக்கிறதா பாருங்கள். மலிவு நோட்டில் போட்ட என் பழைய படங்கள் ஓரமெல்லாம் மஞ்சளாகிவிட்டன.

உண்மையில் எனக்குப் பெரிய வித்தியாசம் தந்தது பிசையும் ரப்பர். மாவு போல உருட்டி, நுனியைக் கூராக்கி, தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். கருவிழியில் ஒரு புள்ளி வெளிச்சம், முடியில் ஒரு மினுக்கம், எல்லாம் அப்படி வந்துவிடும். கறுத்துப்போனால் இழுத்து மடித்துப் பிசைந்தால் மறுபடி வேலை செய்யும். அழுத்திப் போட்ட கோட்டை மட்டும் இது அழிக்காது. அதற்குச் சாதாரண வெள்ளை ரப்பர் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். பிசையும் ரப்பரை மூடியுள்ள சின்ன டப்பாவில் போட்டு வைக்காவிட்டால் தூசி முழுவதும் அதில்தான் ஒட்டும்.

சீவ எனக்குப் பிளேடு பிடிக்கும், முனை நீளமாகக் கிடைக்கும். கீழே விழுந்த பென்சில் உள்ளேயே உடைந்திருக்கும், அதை எதில் சீவினாலும் முனை விழுந்துகொண்டேதான் இருக்கும். ஷேடிங்கை விரலால் தேய்க்காதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு படிந்துவிடும்; காகிதச் சுருளோ டிஷ்யூவோ போதும். முடித்த படங்களுக்கு நடுவே ஒரு பட்டர் பேப்பர் வைத்துவிட்டால் எதிர்ப் பக்கத்தில் கரி ஒட்டாது. 300 ஜிஎஸ்எம் தாளெல்லாம் வாட்டர்கலர் தொடங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.