61 நாள் தாங்குமா? ஆர்டிசி பேட்டரிகள் ஓர் ஒப்பீடு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; எங்கள் பக்கம் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மண்டபத்தில் படகைக் கரையேற்றியதும் பலர் முதல் வேலையாக பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இன்ஜின் ஓடிய நேரத்தைக் குறித்துவைக்கும் சின்னப் பெட்டிகள் சிலவற்றைப் படகுகளுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். ஒரு வருடம் தடைக்காலம் முடிந்து போய்வந்த படகின் மெமரி கார்டைத் திறந்தால், பதிவெல்லாம் 2000 ஜனவரி 1இல் தொடங்கியது. "தம்பி, நான் என்ன 2000ல போயா மீன் பிடிச்சிட்டு வந்தேன்?" என்றார் படகுக்காரர்.

பெட்டிக்குள் தேதியும் நேரமும் பார்க்கும் கடிகாரச் சிப்தான் ஆர்டிசி. படகின் பேட்டரியைக் கழற்றிவிட்டால் அதைத் தாங்க ஒரு பேக்கப் வேண்டும்; அதுவும் தீர்ந்தால் கடிகாரம் 2000 ஜனவரி 1க்குத் திரும்பிவிடும். அந்தப் பெட்டியில் பேக்கப்பாக நான் வைத்திருந்தது சூப்பர் கெபாசிட்டர், அதாவது கரண்ட் இருக்கும்போது நிரம்பி, போனதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும் பெரிய கெபாசிட்டர். மாற்றவே வேண்டாம், ஹோல்டர் இல்லை, துருப்பிடிக்க ஸ்பிரிங் இல்லை என்று ஆசைப்பட்டு வைத்தது. கணக்குப் போடாமல் விட்டதுதான் தப்பு. கெபாசிட்டர் 0.22 ஃபாரட், போர்டு 3.3 வோல்ட். நடுவில், கரண்ட் திரும்பி ஓடாமல் தடுக்கும் ஷாட்கி டையோடு 0.3 வோல்ட்டை விழுங்கிவிட, மிச்சம் 3 வோல்ட். நான் போட்டிருந்த ஆர்டிசியான டிஎஸ்3231 சிப்புக்கு பேக்கப் பக்கம் குறைந்தது 2.3 வோல்ட் வேண்டும். ஆக, கையிருப்பு வெறும் 0.7 வோல்ட். சிப் குடிப்பது சுமார் 1 மைக்ரோ ஆம்ப். 0.22ஐ 0.7ஆல் பெருக்கி 1 மைக்ரோவால் வகுத்தால் 1,54,000 வினாடி. 43 மணி நேரம்கூட முழுசாக இல்லை. 1 ஃபாரட் போட்டாலும் எட்டு நாள்தான்.

அதுவும் காகிதக் கணக்கு. பேக்கப் வரும் வழியில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்து, அதன் இரு முனையிலும் மீட்டரை வைத்துப் பார்த்தேன். 1 மைக்ரோ ஆம்புக்கு 10 மில்லிவோல்ட் காட்ட வேண்டும். காட்டியது 60. போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் காயவைத்த பிறகு 9. மற்றதெல்லாம் உப்புப் படலத்தின் வழியாகக் கசிந்திருக்கிறது! கண்ணுக்குத் தெரியாத அளவு உப்புதான். ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்தக் கசிவோடு கணக்குப் போட்டால் 43 மணி நேரம் 7 மணி நேரமாகிவிடுகிறது.

அதே 6 மைக்ரோ ஆம்பை சிஆர்2032 என்ற காசு வடிவ லித்தியம் செல்லில் வைத்துப் பாருங்கள். அதன் கொள்ளளவு 220 மில்லி ஆம்ப் மணி. 1 மைக்ரோ ஆம்ப் என்றால் கணக்குப்படி 25 வருடம்; செல் தானாக வயதாவதால் நான் பத்துக்கு மேல் நம்ப மாட்டேன். கசிவோடு பார்த்தாலும் நாலு வருடம். கெபாசிட்டரைக் கவிழ்த்த கசிவை இது ஏப்பம் விட்டுவிடும்.

இதற்கு எமன் ஹோல்டர்தான். ஸ்பிரிங்கில் களிம்பு ஏறிவிட்டால், செல்லில் மீட்டர் வைத்தால் 3 வோல்ட் இருக்கும், சிப்புக்கு ஒன்றும் போகாது. அதனால் தகடு வெல்டு செய்து வரும் செல்லை வாங்கி போர்டிலேயே சால்டர் வைக்கிறேன். (சாதாரண செல்லின் மேல் நேரடியாக சால்டரிங் அயர்ன் வைக்காதீர்கள், சூட்டில் கெட்டுவிடும், வெடிக்கவும் கூடும்.) மேலே, ஈரம் போர்டில் படாமல் காக்கும் கன்ஃபார்மல் கோட்டிங் ஒரு பூச்சு.

சார்ஜ் ஏறும் எல்ஐஆர்2032 பற்றிப் பலர் கேட்கிறார்கள். கடைகளில் கிடைக்கும் டிஎஸ்3231 மாட்யூல்கள் பலவற்றில் ஒரு டையோடும் 200 ஓம் ரெசிஸ்டரும் அதற்காகவே இருக்கின்றன. ஆனால் 5 வோல்ட் கொடுத்தால் செல்லுக்கு 4.4 வோல்ட்டோ அதற்கு மேலோ போகிறது; அதன் எல்லை 4.2. 3.3 வோல்ட் கொடுத்தால் சார்ஜே ஏறாது. இரண்டு பக்கமும் இடி. அதைவிட மோசம், 5 வோல்ட்டில் ஓடும் அந்த மாட்யூலில் சிஆர்2032ஐப் போடுவது. அது சார்ஜ் ஏற்றக்கூடாத செல். உப்பிப்போன ஒன்றைக் கையில் எடுத்திருக்கிறேன். அந்த ரெசிஸ்டரைப் பிடுங்கிவிட்டுத்தான் நான் மாட்யூலைத் தொடுவேன்.

ராஸ்பெர்ரி பை 5 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டில் ஆர்டிசி உள்ளேயே இருக்கிறது. தனியாக வாங்கி மாட்ட வேண்டிய அதன் பேட்டரிக்கு சார்ஜிங்கை செட்டிங்கில் நாம்தான் போட்டுவிட வேண்டும். கரையில் ஐஸ் கம்பெனி மாதிரி இடத்துக்கு அது போதும்.

ஜிபிஎஸ்ஸிலிருந்தே நேரத்தை எடுக்கலாமே, பேக்கப் எதற்கு என்றால், இன்ஜின் அறைக்குள் வானம் தெரியாது. செல்போன் டவரிலிருந்து நேரம் எடுக்கலாம் என்றால், அதுவும் கடலில் கொஞ்ச தூரம்தான் எட்டும். தனுஷ்கோடிப் பக்கம் இலங்கை டவர் எட்டிப்பார்க்கும்; நல்லவேளை, இரண்டு நாட்டுக்கும் நேரம் ஒன்றுதான்.

சிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிஎஸ்1307 என்ற இன்னொரு ஆர்டிசியில், துடித்து நேரத்தை எண்ண உதவும் கிறிஸ்டல் வெளியே நிற்கிறது, ஈர உப்பு பட்டால் தடுமாறும். டிஎஸ்3231இல் உள்ளேயே இருக்கிறது. 0 முதல் 40 டிகிரி வரை பத்து லட்சத்துக்கு 2 பங்குதான் பிசகும். அதன் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரில் ஆஸிலேட்டர், அதாவது கடிகாரத்தின் துடிப்பு, இடையில் நின்றதா என்று சொல்லும் பிட்டும் உண்டு. இப்போது என் புரோகிராம் முதலில் அதைப் படிக்கிறது; நின்றிருந்தால் தேதி போடாமல் சிவப்பு விளக்கைப் போட்டுவிடும்.

அதே படகில் கடந்த தடைக்காலம் முடிந்ததும் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தேன். சிவப்பு எரியவில்லை. செல்போனோடு ஒப்பிட்டதில் 8 வினாடி பின்தங்கியிருந்தது.