ஐம்பது மாநிலங்களுக்கு ஏழு கார்டினல்கள்: 1982ஆம் ஆண்டின் அமெரிக்க அஞ்சல்தலைத் தாள்

அமெரிக்க அஞ்சல் துறை 1982 ஏப்ரலில் வெளியிட்ட மாநிலப் பறவைகள், மலர்கள் அஞ்சல்தலைத் தாளில், அலபாமா தொடங்கி வயோமிங் வரை ஐம்பது மாநிலங்களும் ஆங்கில அகரவரிசையில் அமைந்துள்ளன. அஞ்சல்தலை ஒன்றுக்கு 20 சென்ட் வீதம் முழுத்தாளின் முகமதிப்பு 10 டாலர். பறவைகளை ஆர்தர் சிங்கரும், மலர்களை அவருடைய மகன் ஆலன் சிங்கரும் வரைந்திருக்கிறார்கள். இரு கைகள் வரைந்தவை என்பதே தெரியாதபடி பறவையும் பூவும் இயைந்திருப்பது இத்தாளின் பெருஞ்சிறப்பு.

ஆனால் தாளை முழுதாக விரித்துப் பார்க்கும்போது, மாநிலங்கள் தம் பறவையைத் தேர்ந்த முறையின் குறைதான் முதலில் கண்ணில் படுகிறது. கெண்டகி 1926இல் ஏற்ற கார்டினல் என்னும் சிவப்புப் பறவையையே இல்லினாய், இண்டியானா, ஒஹாயோ, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, வட கரோலினா ஆகியவையும் வைத்துக்கொண்டன. வர்ஜீனியாவும் வட கரோலினாவும் மலரிலும் ஒன்றுபட்டு டாக்வுட்டையே கொண்டிருப்பதால், அவ்விரு தலைகளிலும் மாநிலப் பெயரைத் தவிர எழுத்தில் வேறுபாடே இல்லை. பல மாநிலங்களில் மகளிர் சங்கங்கள் முன்னெடுக்க, பள்ளிப் பிள்ளைகள் வாக்களித்துப் பறவையைத் தேர்ந்தார்கள். குளிர்காலத்திலும் வலசை போகாமல் வீட்டுத் தோட்டத்துக்கு வரும் சிவப்புப் பறவை அந்த வாக்கெடுப்புகளில் வென்றதில் வியப்பில்லை. தெற்கு டகோட்டாவோ ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஃபெசன்ட் என்னும் கோழியினப் பறவையைத் தேர்ந்தது. டெலவேரும் ரோட் ஐலண்டும் கோழியோடு நிறைவடைந்தன (குறைந்தபட்சம் அவை வேறெவரும் கேட்காத பறவைகள்).

என்னைப் பொறுத்தவரை இத்தாளின் ஆகச் சிறந்த தேர்வு லூசியானாவின் பழுப்புக் கூழைக்கடா. பூச்சிக்கொல்லி நஞ்சால் அம்மாநிலக் கரையில் அது அற்றுப்போன பிறகு, 1966இல்தான் சட்டப்படி மாநிலப் பறவையாயிற்று. 1968 முதல் ஃபுளோரிடாவிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து அதை மீண்டும் குடியமர்த்தினார்கள். இந்த வரலாற்றில் ஒரு சொல்கூடத் தலையில் இல்லை. தேர்ந்த ஆண்டையாவது பொறித்திருக்கலாம்.

வாங்க விரும்புவோர் உதிரித் தலைகளைத் தவிர்த்து முழுத்தாளாகவே வாங்குவது நல்லது. பறவைகள் திரும்பத் திரும்ப வருவது அதில்தான் புலப்படும். ஓரத்துத் துளைகளின் அளவில் இரு வகைகள் இருப்பதால், சேகரிப்பாளர்கள் எது தம்மிடம் வருகிறது என்பதை அளந்து பார்த்து வாங்க வேண்டும்.