இட்லி மாவா, இட்லிப் பொடியா: சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு எது ஆதாயம்?

மதுரையில் எங்கள் வீட்டிலிருந்தபடியே 2021 முதல் 2 ஆண்டுகள் இட்லி மாவு அரைத்து விற்றேன். 2023-இன் நடுவில் அதை நிறுத்திவிட்டு இட்லிப் பொடி, பருப்புப் பொடி, சாம்பார்ப் பொடி ஆகிய மூன்றுக்கு மாறினேன். மாவுத் தொழிலைத் தொடங்கியபோது மூத்தவளுக்கு 4 வயது, இளையவன் தவழ்ந்துகொண்டிருந்தான். இரண்டையும் என் கையால் செய்து, இரண்டுக்கும் நோட்டில் கணக்கு எழுதிவைத்ததால் இந்த ஒப்பீட்டை எழுத முடிகிறது. பொடியின் பக்கமே நான் சாய்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடையில் 6 மாதம் ஆரி வேலையும் (ரவிக்கையில் நூலும் மணியும் கோத்துச் செய்யும் பூவேலை) செய்தேன்; அந்தப் பழக்கம் குறைவு என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சமே சொல்வேன்.

இரண்டுக்கும் பொதுவானவற்றை முதலில் முடித்துவிடலாம். சமையல் கைவசம் இருந்தால் போதும், பெரிய முதல் தேவையில்லை. உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு இரண்டுக்கும் வேண்டும். 2021-இல் நான் பதிவு செய்தபோது ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அடிப்படைப் பதிவு போதும், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். பதிவில் கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பையின் மேல் அச்சிட வேண்டும். எடை, விலை, தயாரித்த தேதி, முகவரி ஆகியவையும் அதில் இருக்க வேண்டும்.

மாவுக்கு உள்ள நன்மைகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மாவு வாங்குவோர் நான்கு தெருவுக்குள்ளேயே இருக்கிறார்கள், விளம்பரம் தேவையில்லை, காலையில் விற்றால் மாலைக்குள் காசு கைக்கு வந்துவிடும். வாரம் முழுவதும் தேவை இருக்கிறது, சனி ஞாயிறுகளில் இன்னும் கூடுகிறது. கையிருப்பே இல்லாமல் தொடங்குகிறவருக்கு அன்றாடம் வரும் அந்தப் பணம் பெரிய பலம். முதல் 3 மாதம் வீட்டுப் பால் கணக்கையும் காய்கறிச் செலவையும் மாவுக் காசே தாங்கியது.

ஆனால் கணக்கை விரித்துப் பார்த்தால் நிலைமை வேறு. நாளொன்றுக்கு 8 கிலோ இட்லி அரிசியும் 2 கிலோ உளுந்தும் ஊறவைத்தால் எனக்கு ஏறக்குறைய 25 கிலோ மாவு கிடைக்கும். அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு, பை, மின்சாரம் எல்லாம் சேர்த்து 700 ரூபாய் செலவாகும். கிலோ 40 ரூபாய்க்கு விற்றால் 1,000 ரூபாய் வரும், மிச்சம் 300. இந்த 300 ரூபாய், 25 கிலோவும் விற்றுத் தீர்ந்தால் மட்டுமே கிடைக்கும். என் நோட்டின்படி சராசரியாக நாளொன்றுக்கு 3 கிலோ மிஞ்சியது. மூன்று கிலோதானே என்று அப்போது நினைத்தேன். மிஞ்சிய மாவின் மதிப்பு 120 ரூபாய். அது முழுவதும் லாபத்திலிருந்து கழிகிறது. அதாவது மாவில் நூற்றுக்கு 12 பங்கு தேங்கினால் லாபத்தில் நூற்றுக்கு 40 பங்கு கரைந்துபோகிறது. மீதி 180 ரூபாய்க்காக நான் கழுவி, அரைத்து, பையிலிட்டு, கிரைண்டரைத் துலக்கி, வீடு வீடாகக் கொடுத்து வந்த நேரம் 5 மணி. மணிக்கு 36 ரூபாய்.

பிள்ளை வளர்க்கும் வீட்டில் அந்த 3 கிலோ ஏன் மிஞ்சுகிறது என்பதே நான் அழுத்திச் சொல்ல வந்த செய்தி. மாவு காத்திருக்காது. உளுந்தை ஊறவைத்துவிட்டால் அரைத்தாக வேண்டும், அரைத்தால் பொங்கும், பொங்கினால் விற்றாக வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் 3, 4 நாளில் புளித்துவிடும். சித்திரை வெயிலில் இரவு அரைத்துக் கரைத்து வைத்த மாவு விடிவதற்குள் ஏனத்தை மீறி வழிந்துவிடும். குழந்தையோ நம் மாவின் நேரத்தைக் கேட்டுக்கொண்டு காய்ச்சலில் படுப்பதில்லை. இளையவனுக்கு ஓரிரவு காய்ச்சல் 102 பாகை ஏறியபோது, அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் உளுந்தைத் தள்ளித் தள்ளி அரைத்தேன். மறுநாள் அவனை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றுவிட்டு மதியம் திரும்பி வந்தபோது 25 கிலோ மாவும் புளித்துக் கிடந்தது. அடுத்த 4 நாள் அரைக்கவில்லை. ஐந்தாம் நாள் வழக்கமான ஒரு வீட்டில் கதவைத் தட்டினேன். அந்த வீட்டுப் பெண், "நாலு நாளா நீங்க வரலக்கா, அதான் கடை பாக்கெட்டுக்கு மாறிட்டோம்" என்று சங்கடத்தோடு சொன்னார். அவரைக் குறை சொல்ல இடமில்லை. அவர் வீட்டிலும் காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அன்று இழந்த 6 வாடிக்கை வீடுகளில் இரண்டே திரும்பி வந்தன.

பொடி காத்திருக்கும். பக்குவமாக வறுத்து, ஈரம் போக்கி, ஆறவிட்டுக் கட்டிய இட்லிப் பொடி 2 மாதம் மணம் குன்றாமல் இருக்கும். இன்று முடியாவிட்டால் நாளை மறுநாள் வறுக்கலாம். பருப்பு டப்பாவில்தான் இருக்கிறது, ஊறிக்கொண்டிருக்கவில்லை. சென்ற ஆண்டு இளையவனுக்கு அம்மை போட்டு 10 நாள் அடுப்படிப் பக்கமே போகாமல் இருந்தேன். முன்பே கட்டிவைத்திருந்த 9 கிலோ பொடியை அந்த நாட்களில் என் கணவர் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். வருமானம் குறைந்ததே தவிர நின்றுபோகவில்லை. ஒரு வாடிக்கையாளரும் விலகவில்லை. ஒரு கைப்பிடி பொருளும் வீணாகவில்லை.

கணக்கையும் அதே முறையில் சொல்கிறேன். ஒரு கிலோ இட்லிப் பொடிக்குச் சரக்கு, எரிவாயு, அரவைக் கூலி, பை, லேபிள் எல்லாம் சேர்த்து எனக்கு 280 ரூபாய் ஆகிறது. 100 கிராம் பையை 45 ரூபாய்க்கு விற்கிறேன், கிலோவுக்கு 450. தெரிந்தவர்களுக்கு நேராகக் கொடுத்தால் 170 ரூபாய் மிச்சம். கடைக்குப் போட்டால் கடைக்காரர் நூற்றுக்கு 20 கழிவு எடுப்பார். அப்போது 80 ரூபாய்தான் நிற்கும். வாரம் 12 கிலோ போகிறது: 8 கிலோ நேரில், 4 கிலோ கடையில். வாரத்துக்கு 1,680 ரூபாய். மற்ற இரு பொடிகளையும் அளவாகச் செய்கிறேன். அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. இதற்குச் செலவாகும் நேரம் வறுக்க 8 மணி, கட்ட 4 மணி, கொடுத்து வர 3 மணி, ஆக 15 மணி. மணிக்கு 112 ரூபாய். மாவில் வாரம் 6 நாள், 30 மணி நேரம் உழைத்து 1,080 ரூபாய் பார்த்த இடம் இது.

பொருள் காத்திருப்பதால் கிடைக்கும் இன்னொரு ஆதாயத்தை நான் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன். எங்கள் பக்கத்தில் ராமநாதபுரம் முண்டு மிளகாய் மாசி, பங்குனியில் வரத்துக் கூடும்போது மதுரையின் மளிகைக் கடைத்தெருவான கீழமாசி வீதியில் மலிவாகக் கிடைக்கிறது. ஒரு பங்குனியில் 40 கிலோ வாங்கி, மொட்டைமாடியில் சருகுபோலக் காயவைத்துத் தகர டின்னில் அடைத்துவிட்டேன். கார்த்திகையில் விலை கிலோவுக்கு 50 ரூபாய் கூடியிருந்தது; 2,000 ரூபாய் மிச்சம். மறு ஆண்டு விலை அவ்வளவு ஏறவில்லை, எனவே ஒவ்வோர் ஆண்டும் இப்படிக் கிடைக்கும் என்று உறுதி கூற மாட்டேன். ஆனால் மாவுக்காரருக்கு இந்த வழியே இல்லை.

பொடியின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது மிளகாய் நெடி. கைக்குழந்தை வீட்டில் இருக்கும்போது மிளகாய் வறுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வெயிலில் காய்ந்த மிளகாயை வறுக்காமல் அரைத்தாலும் தும்மலும் எரிச்சலும் தப்பாது. இளையவன் அங்கன்வாடிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் எனக்கு வறுப்பதற்கென்று காலை நேரம் கிடைத்தது. மூத்தவள் படிப்பது மாநகராட்சிப் பள்ளி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று எங்கள் மதுரையில்தான் தொடங்கியது. 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே காலைச் சாப்பாடு. அவளுடைய பள்ளிக்கும் அது வந்தபின் எனக்குக் காலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் உளுந்தையும் கடலைப்பருப்பையும் பொன்னிறமாக வறுத்து முடிக்கிறேன்.

இரண்டாவது, பணம் மெல்லத்தான் வரும். கடைக்காரர்கள் பழைய சரக்குக்கான காசைப் புதுச் சரக்கு போடும்போதுதான் தருவார்கள். முதல் 4 மாதம் கையிலிருந்து போட்டுத்தான் ஓட்டினேன். மூன்றாவது, பக்குவம் தவறினால் நட்டமும் மொத்தமாக வரும். சூடு ஆறாமல் கட்டினால் பையின் உள்ளே வியர்த்துப் பொடி கட்டியாகும். எள்ளும் கொப்பரையும் நாட்பட்டால் காறல் அடிக்கும். அரவை மில்லில் நமக்கு முன்னால் யாராவது மல்லி அரைத்திருந்தால் அந்த வாசம் பருப்புப் பொடியில் ஏறிவிடும். மில் திறந்தவுடன் முதல் ஆளாக நிற்பது என் வழக்கமாகிவிட்டது.

மின்கட்டணத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன், ஆனால் அது அவ்வளவு சிறிதன்று. கிரைண்டர் ஓட்டமும் மாவுக்காக வாங்கிய இரண்டாவது குளிர்சாதனப் பெட்டியும் சேர்ந்து, எங்கள் வீட்டு மின்கணக்கை இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்கு மேல் கொண்டுபோயின. 500-ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமன்றி, அதற்கு முந்தைய யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் விலை ஏறுகிறது. பொடிக்கு மாறியபின் அந்தப் பெட்டியை விற்றேன்; கணக்கு மறுபடி 500-க்குள் வந்தது.

ஆரி வேலையில் ஒரு ரவிக்கைக்குக் கிடைக்கும் தொகை கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். கைத்திறன் ஏறியவர்களுக்கு அது நல்ல வழியாகவே இருக்கலாம். எனக்கு வேகம் வருமுன் விட்டுவிட்டேன். முகூர்த்த நாளுக்கு முன் கொடுத்தாக வேண்டிய நெருக்கடி ஒன்று. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் வேலை வராமை மற்றொன்று. தரையில் சிந்தும் மணிகளைத் தவழும் பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளுமே என்ற அச்சம் எல்லாவற்றிலும் மேலானது.

மாமியாரோ அம்மாவோ உடன் இருந்து, பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத நாளில் ஒருவர் பிள்ளையையும் மற்றவர் கிரைண்டரையும் பார்த்துக்கொள்ள முடிந்தால் மாவும் நல்ல தொழில்தான். எங்கள் தெருவிலேயே அப்படி இரண்டு தலைமுறையாக நடத்தும் வீடு இருக்கிறது. ஒற்றைக் கையாகச் செய்கிறவர் பிள்ளைக்கு 2 வயது ஆகும்வரை நாளுக்கு 8 கிலோவுக்கு மேல் போகாமல், முன்பணம் தந்து சொல்லிவைத்த வீடுகளுக்கு மட்டும் மாவு அரைக்கலாம். பிள்ளை அங்கன்வாடிக்குப் போனதும் பொடிக்கு மாறலாம். நான் மாவை விட்டபோது என்னிடம் மிஞ்சியிருந்த 19 வாடிக்கை வீடுகளில் 14 வீட்டார் இப்போது என்னிடம் பொடி வாங்குகிறார்கள்.